நாகலிங்க மரத்தடியில் பூக் கேட்டது

எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. மற்றவர்களுக்குக் கை நடுங்கும், தொண்டை வறளும். எனக்கு வேடிக்கைப் பேச்சு வரும். கிணற்றுக்குள் எருமை விழுந்த அன்று, நாலு பேர் கயிறு கட்டி இறங்கி அதை மேலே ஏற்றும் வரைக்கும், "குளிக்கத்தான் எறங்கியிருக்குது, யாராச்சும் சோப்புப் போடுங்க" என்று கத்திக்கொண்டு கிணற்றைச் சுற்றிச் சுற்றி ஓடியவன் நான். கேரள எல்லையில் எங்கள் வேலந்தாவளம் சுற்று வட்டாரத்தில் என்னை நல்ல தமாஷ்காரன் என்பார்கள். அது தமாஷ் அல்ல, பயம் என்று தெரிந்த ஒரே ஆள் என் மனைவி.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், களத்தில் கடலைக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, காலு எங்கியோ போயிட்டுதுங்க."

"ரெண்டும் சேந்து போச்சா, தனித்தனியாப் போச்சா?" என்றேன்.

சொல்லிவிட்டு அவளைத் தூக்கப் போனேன். அவளுடைய பாதம் என் கையில் கூழாங்கல் மாதிரி சில்லென்று கிடந்தது. அதற்கப்புறம் அன்று முழுக்க நான் என்னென்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. நிறையப் பேசியிருப்பேன்.

பாலக்காட்டில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதுகுத் தண்டுக்குள் கட்டி என்றார் டாக்டர். மதராசுக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து பார்க்கலாம். செய்தால் கொஞ்ச காலம் கூட இருப்பாள். ஆனால் போன கால் வராது. கட்டி கழுத்துப் பக்கம் ஏறியிருப்பதால் கையும் போகலாம். செய்யாவிட்டால் மழைக்காலம் தாண்டுவது கஷ்டம். இதையெல்லாம் அவர் வராந்தாவில் நின்று என்னிடமும் என் மச்சானிடமும், அதாவது அவளுடைய அண்ணனிடமும், குரலைத் தாழ்த்திச் சொன்னார். வார்டுக் கதவு திறந்துதான் இருந்தது.

எங்களுக்குக் குழந்தை கிடையாது. வீட்டில் நான், அவள், ஒரு ஜோடி மாடு. மாடுகள் என் பேச்சுக்குச் சிரிப்பதில்லை. அதனால் மதராசு என்ற வார்த்தையை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். கை போனால் என்ன, கால் போனால் என்ன, ஆள் இருந்தால் போதும் எனக்கு.

மச்சான் முறைப்படி பூக் கேட்டார். எங்கள் பக்கத்தில் கிணறு வெட்ட, பெண்ணெடுக்க, தோட்டம் வாங்க, எதற்கும் முதலில் பூத்தான் கேட்போம். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் விட்டுவிடு. எங்கள் கோயிலில் வெள்ளை வந்தது. மச்சான் கண்ணில் தண்ணீரோடு ஓடிவந்து தங்கச்சியிடம் சொன்னார்.

அவள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "ஏனுங்ண்ணா, ஒடம்பு என்னுது. சாமியக் கேட்டீங்க, பூசாரியக் கேட்டீங்க, மூக்கு ஒழுகற புள்ளையக் கூடக் கேட்டீங்க. என்னைய ஒருத்தரும் கேக்கலீங்களே?"

"உன்னயக் கேட்டா நீ வேண்டாம்பே" என்றார் மச்சான்.

"அப்ப தெரிஞ்சுதான் கேக்கல."

மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டாக்சி பேசப் போய்விட்டார். அடுத்த வாரம் மதராசு என்று முடிவாயிற்று. அவள் என்னிடம் திரும்பி, "அதுக்கு மின்னால அந்தக் குண்டு மரத்தப் பாக்கோணும்" என்றாள்.

குண்டு மரத்தின் கதை இதுதான். சில வருஷங்களுக்கு முன்னால் விவசாய இலாகாக்காரர்கள் எங்களில் சிலரை பஸ்ஸில் ஏற்றி, கோயமுத்தூரில் பல்கலைக்கழகத் தோட்டத்தைக் காட்டக் கூட்டிப்போனார்கள். ஆண்களை மட்டும்தான். திரும்பி வந்து நான் அவளிடம் சொன்னேன்: அங்கே ஒரு மரம், கிளையில் காய்க்காமல் அடிமரத்திலேயே கயிறு கயிறாகத் தொங்கவிட்டுக் காய்க்கிறது, ஒவ்வொரு காயும் பீரங்கிக் குண்டு, பூவுக்குள்ளே பாம்பு படமெடுக்க, அடியில் லிங்கம் உட்கார்ந்திருக்கிறது. அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "போன மாசம் சந்தையில பாத்ததாச் சொன்னீங்களே, தெலுங்கு பேசற மாடு, அது மேஞ்சுதா அந்த மரத்த?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எது சொன்னாலும், "குண்டு மரமா?" என்பாள். சந்தைக்குப் போய்ச் சுருக்க வந்துவிடுகிறேன் என்றால் கூட, "குண்டு மரமா?"

இப்போது அதைப் பார்க்க வேண்டும் என்கிறாள். ஆசைப்பட்டதைக் கேட்கிறாள் என்றால் கணக்கை முடிக்கிறாள் என்று அர்த்தம்.

சக்கர நாற்காலியை ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கினேன். பிரம்பு பின்னிய உட்காரும் பலகை, பக்கத்துக்கு ஒரு பெரிய சக்கரம், முன்னால் சின்னதாக இரண்டு. கொடுத்த கன்னியாஸ்திரீ அம்மா ஓர் இரும்புக் கம்பியைக் காட்டி, "இது பிரேக்கு. நிறுத்தும்போள் இது பிடிக்கணும், கேட்டோ" என்றார். நான் ஐம்பது மாட்டுவண்டி பார்த்தவன். தலையாட்டினேன்.

அவளையும் நாற்காலியையும் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் பிரச்சினை, ஆஸ்பத்திரிச் சாமான் வாசலைத் தாண்டலாமா என்பது. புது வண்டிக்குச் செய்வதைச் செய்துவிட்டால் அது நம்முடைய வண்டி ஆகிவிடும் என்று எனக்கு யோசனை போயிற்று. மஞ்சள் பூசினேன், பொட்டு வைத்தேன், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். சக்கரம் கிறீச்சென்றது. அபசகுனம்! வைக்கோல் சாம்பலை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை கொட்டாங்குச்சியில் இருந்தது. அச்சுக்குப் போட்டேன். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று அசைகிற இடமெல்லாம் போட்டேன். பிரேக்குக் கம்பியும் அசைந்தது. அதற்கும் போட்டேன்.

கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அவள், "கொம்புக்குக் குஞ்சம் கட்டலீங்களா?" என்றாள்.

மறுநாள் காலை நாற்காலியை அம்பாசடர் டாக்சியின் கூரையில் கயிற்றால் கட்டிப் புறப்பட்டோம். சந்தை நாள். மாடும் ஆளும் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தரகர் கூரையைப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குள் தலையை விட்டார். "என்னுங்க இது, ஏரா, வண்டியா?"

"புது ஜாதி மாடுங்க. தீவனம் வேண்டாம்" என்றேன்.

தரகர் சிரித்துக்கொண்டே உள்ளே பார்த்தார். தலையணை வைத்துச் சாய்ந்திருந்த அவளைப் பார்த்ததும் தலையை வெளியே எடுத்துக்கொண்டு, முன்னால் நின்ற மாடுகளைத் தானே அடித்து விலக்கி வழிவிட்டார்.

கோயமுத்தூரில் தோட்டத்து வாசலில் படி. நானும் டிரைவரும் ஆளோடு நாற்காலியைத் தூக்கி உள்ளே வைத்தோம். டிரைவர் வண்டியை நிழலில் விடப் போனார். நான் தள்ளினேன். பாதையில் கொட்டியிருந்த சின்னச் சரளைக் கல்லுக்குள் முன்சக்கரம் புதைந்தது. முன்னால் தள்ளினால் நகராது என்று திருப்பிப் போட்டுப் பின்பக்கமாக இழுத்தேன். அதனால் அவள் பார்த்ததெல்லாம் நாங்கள் கடந்துவந்த மரங்களைத்தான்.

ஒவ்வொரு மரத்துக்கும் தகரத்தில் பெயர்ப் பலகை. அவள் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள்; தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். "வேப்ப மரத்துக்கும் எழுதி வெச்சிருக்காங்க பாருங்க. இங்க படிக்கற புள்ளைங்களுக்கு அதுகூடத் தெரியாதா?"

"மரத்துக்குத் தெரியோணுமில்ல, தான் யாருன்னு."

குண்டு மரத்தைக் காணவில்லை. போன தடவை பஸ்ஸோடு வந்தபோது எந்தப் பக்கம் போனோம் என்று மறந்துவிட்டது. வெட்டிவிட்டார்களோ? இத்தனை வருஷம் கழித்து இந்த ஒரு விஷயத்திலும் நான் பொய்யனாகிவிடுவேனோ? வேட்டி வியர்வையில் ஒட்டியது. நான் ஒவ்வொரு மரமாக, "இதுதான், இப்பக் காய்க்கிற பருவம் இல்ல", "இதுவா இருக்கும், கொட்டிருச்சு" என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் "குண்டு மரமா?" என்று கூடக் கேட்கவில்லை. அதுதான் பயம்.

சரளை முடிந்து சிமெண்டுப் பாதை தொடங்கிய இடத்தில், கொஞ்ச தூரத்தில் காவல்காரர் ஒருவர் ரப்பர்க் குழாயைப் பிடித்து நின்றார். நாற்காலியை நேராக்கி, பிரேக்கைப் பிடித்துவிட்டு, அவரிடம் கேட்கப் போனேன்.

"ஏனுங்க, பீரங்கிக் குண்டு மாதிரி..."

"ஏனுங்க, வண்டி போகுதுங்க" என்று பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. கத்தலே இல்லை. பால் பொங்குது என்கிற மாதிரி.

திரும்பினேன். சிமெண்டுப் பாதை சரிவு. நான் போட்ட வண்டி மை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. நாற்காலி சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வேட்டி அவிழ்ந்து காலைச் சுற்ற, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு செருப்போடு, "ஹோ... ஹோ... ம்பா... ஹோ" என்று கத்திக்கொண்டு போனேன். வாழ்நாள் முழுக்க மாட்டை நிறுத்தச் சொன்ன வாய், நாற்காலிக்கு வேறென்ன சொல்லும்? காவல்காரர் குழாயோடு ஓடிவந்து என்னை நனைத்தார். சரிவின் அடியில் கருங்கல் கட்டிய தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

குனிந்து ஒரு பக்கச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். நாற்காலி அந்தப் பக்கம் திரும்பி, பாதையை விட்டு இறங்கி, கல்வாழைப் பாத்திக்குள் புகுந்து, ஈர மண்ணில் நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தலையில் ஒரு கல்வாழை இலை முக்காடு மாதிரி கிடந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் காலைத் தடவினேன், கையைத் தடவினேன், தப்பாக நாற்காலியின் கையையும் தடவினேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, குண்டு மரமில்ல" என்று ஏதோ உளறினேன்.

"ஏனுங்க, தை மாசத்துக்குப் பொறவு இன்னிக்கித்தான் யாரும் புடிச்சுக்காம ஒரு எடத்துக்குப் போயிருக்கறேன்" என்றாள்.

காவல்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே எங்கள் இருவரையும் பார்த்தார். பூப்பாத்தி நாசம். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். மஞ்சளும் பொட்டும் வைத்த சக்கரத்தையும், அதில் வழிகிற மையையும் பார்த்துவிட்டு, "பிரேக்குக்கு மை போட்ட மகராசன் நீங்கதானுங்களா?" என்று மட்டும் கேட்டார். சேர்ந்து தூக்கிவிட்டார். "அந்தக் குண்டு மரந்தானே, தொட்டிக்கு அந்தண்டை."

இருந்தது. அடிமரத்திலிருந்து கயிறு கயிறாக இறங்கி, பழுப்புக் குண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு தொங்கின. பூ தரையெல்லாம் சிவப்பாகக் கிடந்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள். ஒரு பூவை எடுத்துக் கொடுத்தேன். பாம்புப் படத்தை விலக்கி உள்ளே பார்த்தாள்.

"நெசந்தானுங்க."

"சொன்னேனில்ல?"

"பாவம். ஒரே ஒரு நெசத்த வெச்சுக்கிட்டு இத்தன வருசம் என்ன பாடு பட்டீங்க."

நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருந்தேன். போதாமல் கையாலும் பிடித்திருந்தேன்.

"மதராசுக்குப் போனா கை போயிருமாமே" என்றாள். வராந்தாப் பேச்சு முழுவதையும் அன்றே கேட்டிருக்கிறாள்.

"போனாப் போவுது. நான் ஊட்டி உடறேன்."

"உடுவீங்க. வாயில கதை இருக்கும், சோறு மடியில இருக்கும்." தன் இரண்டு உள்ளங்கைகளையும் எனக்குக் காட்டினாள். வண்டி மையில் கன்னங்கரேலென்று இருந்தன. "இப்ப வண்டிய நிறுத்துனது எதுங்க? பிரேக்கா? நீங்களா?"

நான் சக்கரத்தை இன்னும் இறுகப் பிடித்தேன்.

"காலு போச்சு, சரி. கையும் போனா உங்கள எதுலீங்க அடிக்கறது?"

சிரிக்க வேண்டிய இடம். எனக்கு வந்தது வேறு. "நீ போயிட்டா நான் என்ன பண்ணட்டும் புள்ள?" என்றேன். எனக்குத் தெரிந்து, பயத்தில் நான் வேடிக்கை இல்லாமல் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

அவள் என் தலையில் கை வைத்தாள். மை ஒட்டும் என்று யோசித்து எடுக்கப் பார்த்தாள், பிறகு எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பூக் கேப்போமுங்க" என்றாள்.

"அண்ணன்தான் கேட்டுட்டாரே."

"எனக்காக நான் இன்னும் கேக்கலீங்களே. இந்தப் பூவுக்குள்ள சாமியே உக்காந்திருக்குது. இதவிடக் கோயில் வேணுமா? நீங்க போயி அந்த வெள்ளை அரளிமரத்தடியில உழுந்து கெடக்கறத ரெண்டு எடுத்துட்டு வாங்க. ரெண்டு எலையும்."

போனேன். பால் வடியும் அந்தப் பெரிய அரளிமரத்தடியில் வெள்ளைப் பூக்களைப் பொறுக்கினேன். மனதில் ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. பாதிக்குப் பாதி. கோயிலில் வெள்ளை வந்தது, இங்கேயும் வரலாம். வந்துவிட்டால் அவளே ஒத்துக்கொள்வாள்.

வெள்ளைப் பூவைக் கொடுத்தேன். "அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். திரும்பினேன். இலை மடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மடியில் இரண்டு பொட்டலம். இரண்டிலும் கறுப்புப் பெருவிரல் ரேகை.

"புள்ளைக்கு எங்க போறது?"

"நீங்கதான் இருக்கீங்களே, வெவரம் தெரியாத புள்ள."

கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சிவப்பு இதழ்.

"மூணு தரம் கேக்கோணும், அதுதான் மொறை" என்று கத்தினேன். அவள் திரும்ப மடித்துக் குலுக்கிப் போட்டாள். சிவப்பு. மூன்றாம் தடவை சாமியிடம் மட்டுமல்ல, சாமியின் பெண்டாட்டியிடமும் வேண்டிக்கொண்டு எடுத்தேன். சிவப்பு.

மடியில் கிடந்த இன்னொரு பொட்டலத்தைப் பிடுங்கிப் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

"ஏய்! வெள்ளை எங்க?"

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். கொண்டையில் வெள்ளை அரளி இருந்தது. ஓர் இதழில் மை. தலையில் வைக்கிற பூவே இல்லை அது.

"ஏமாத்திட்டியே."

"எங்கண்ணன் மட்டும்? வெள்ளையப் போண்டா பெருசுக்கும் சிவப்பச் சுண்டைக்காய் பெருசுக்கும் கட்டியிருப்பாரு. புள்ள எதைங்க எடுக்கும்?"

நினைத்துப் பார்த்தேன். அப்படித்தான் கட்டியிருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தும், பார்க்காதவனாக இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"வேண்டாம்னு என்னால சொல்ல முடியுமுங்க. ஆனா, சொன்னா அண்ணன் கேக்கமாட்டாரு, நீங்கதான் சொல்லோணும். உங்களுக்கு அதுக்கு வாய் வராது. பூ வந்துதுன்னு சொன்னாப் போதுமில்ல?"

திரும்பும்போது வேலந்தாவளம் செக்போஸ்டில் நிறுத்தினார்கள். அரிசி கடத்துகிற காலம். தமிழ்நாட்டிலிருந்து வருகிற வண்டியை எல்லாம் தடவிப் பார்த்தார்கள். கூரையில் இருந்த நாற்காலியை இறக்கச் சொல்லி, பிரம்பை நீக்கி அடியில் கம்பி விட்டுப் பார்த்தார் ஒருவர். பிறகு டாக்சிக்குள் குனிந்து, அவள் சாய்ந்திருந்த தலையணையைக் காட்டி, "அதில் அரியுண்டோ?" என்றார்.

"வாய்க்கரிசிக்கு மட்டும் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்கறமுங்க" என்றாள் அவள்.

டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். செக்போஸ்ட்காரருக்கும் தமிழ் நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும்; நாற்காலியைத் தானே தூக்கிக் கூரையில் கட்டிவிட்டு தடுப்பு மூங்கிலை உயர்த்தினார். ஊரெல்லாம் சிரிக்க வைத்தவன் நான். அந்தப் பேச்சுக்கு எனக்குச் சிரிக்க வரவில்லை.

மச்சானிடம் சொன்னேன். சிவப்பு வந்தது என்றேன்.

"எங்க கேட்டீங்க?"

"லிங்கத்துக்கு மின்னால."

"மூணு தரமுமா?"

"மூணு தரமும்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பொட்டலம் எத்தனை பெரிது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அவள் போனாள். கை கடைசி வரைக்கும் இருந்தது. கடலைக்காய் உரித்தாள். தன் தலையைத் தானே வாரிக்கொண்டாள். நான் கதை அளக்கும்போதெல்லாம் பனையோலை விசிறியால் முதுகில் ஒன்று வைத்தாள். போகப் போக அடி லேசாகிக்கொண்டே வந்தது. அதை நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் "ஐயோ, செத்தேன்" என்று துள்ளினேன். அவளுக்கும் தெரியும்.

வருஷம் திரும்பியதும் மச்சான் வந்தார். ஆம்பிளை தனியாக எத்தனை நாள் சோறு பொங்குவது, பொள்ளாச்சிப் பக்கம் ஓர் இடம் இருக்கிறது, எதற்கும் பூக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்றார். நல்ல மனுஷர். எனக்கு உடனே வாய் ஓட ஆரம்பித்தது. பொண்ணுக்குப் பல் பார்த்தாச்சா, சுழி பார்த்தாச்சா என்று என்னென்னவோ பேசினேன். பேசிக்கொண்டே கோயிலுக்கும் போய்விட்டேன்.

"பொட்டலத்த நானே மடிக்கறனுங்க மச்சான்" என்றேன். "அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

மூன்று தடவையும் சிவப்பு வந்தது. சாமி சித்தம் என்று மச்சான் விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார். வெள்ளைப் பூ மட்டும் என் கையில் மிஞ்சிப்போயிற்று. எனக்குக் கொண்டை இல்லை. வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.